கதவைத் திறந்த ஆசான்

அரங்கிலே விளக்கெரிகிறது. நடிகன் பேசுகிறான், அவையோர் கைதட்டுகின்றனர். எழுதியவன் பெயர் நிலைக்கிறது. நடித்தவன் முகம் நிலைக்கிறது. பயிற்றுவித்த ஆசானோ திரைக்குப் பின்னே மறைந்து போகிறான். அவ்வாறு மறைந்து போகத் தகாத ஒருவரின் கலைவாழ்வை எடைபோட்டுப் பார்ப்போம். அவர்தாம் லாயிட் ரிச்சர்ட்ஸ்.

1919-இல் கனடாவின் டொரண்டோ நகரில் பிறந்து, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வளர்ந்த கறுப்பர் அவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சட்டம் பயிலும் நோக்கோடு கல்லூரி புகுந்தவரை நாடகம் ஈர்த்தது. போர் முடிந்ததும் நியூயார்க் வந்தார். அந்நாளில் கறுப்பருக்கு அரங்கம் அளித்தவை பெரும்பாலும் ஏவலாளன் வேடமும் ஏமாளி வேடமும்தான்! ரிச்சர்ட்ஸ் சோர்ந்தாரில்லை. பால் மான் என்பாரின் நடிப்புப் பயிற்சிக் கூடத்தில் ஆசானாக அமர்ந்தார். அங்கே அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் சிட்னி பாய்ட்டியர்.

அந்த மாணவரின் பரிந்துரைதான் ஆசானைப் பிராட்வே அரங்குக்கு அழைத்துச் சென்றது. 1959 மார்ச் 11 அன்று, லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய ‘வெயிலில் ஓர் உலர்திராட்சை’ என்னும் நாடகம் அங்கே அரங்கேறியது. பிராட்வே கண்ட முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் ஹான்ஸ்பெரி. வெள்ளையர் குடியிருப்பிலே வீடு வாங்குகிறது ஒரு கறுப்பர் குடும்பம். “பணம் தருகிறோம், வராதீர்” என்று பேரம் பேச வருகிறான் ஒருவன். மானத்துக்கு விலையா? மறுத்து எழுகிறது அக்குடும்பம். முழக்கமிட்டே முடித்துவிடக்கூடிய கதைதான். ரிச்சர்ட்ஸோ அதை ஒரு வீட்டின் அன்றாட மூச்சாக ஆக்கிக் காட்டினார். 530 முறை நடந்தது நாடகம்.

1968 முதல் 1999 வரை, கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்டில், யூஜின் ஓநீல் நாடக மையம் நடத்திய நாடகாசிரியர் மாநாட்டை அவர் வழிநடத்தினார். ஆடம்பரக் காட்சியமைப்பு அங்கே இல்லை. நடிகர் கையில் ஏட்டை ஏந்தியே நடிப்பர். எழுதியவர் பார்த்துத் திருத்துவார். 1979-இல் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியின் தலைவராகவும், அதனைச் சார்ந்த அரங்கின் கலை இயக்குநராகவும் பொறுப்பேற்று, 1991 வரை பணியாற்றினார்.

இங்கேதான் வருகிறார் ஆகஸ்ட் வில்சன். பதினைந்து வயதில் அவர் நெப்போலியனைப் பற்றி எழுதிய கட்டுரையைக் கண்டு, “இது உன் எழுத்தன்று” என ஐயுற்றார் ஓர் ஆசிரியர். சிறுவன் பள்ளியைத் துறந்தான்; பிட்ஸ்பர்க் நூலகமே அவனுக்குக் கல்லூரியாயிற்று. வளர்ந்தபின் அந்த மாநாட்டுக்கு அவர் அனுப்பிய நாடகங்கள் பலமுறை திரும்பி வந்தன. இறுதியில், 1982-இல், ‘மா ரெய்னி’ நாடகம் ஏற்கப்பட்டது. கருணையால் திறந்த கதவன்று அது. எழுத்தின் வலிவால் திறந்த கதவு. 1984 முதல் 1996 வரை வில்சனின் ஆறு நாடகங்களைப் பிராட்வேயில் இயக்கினார் ரிச்சர்ட்ஸ்.

அவற்றுள் ‘வேலிகள்’ தலையாயது. நிறத்தின் பெயரால் பெரிய பந்தாட்டக் களம் மறுக்கப்பட்டுக் குப்பை அள்ளும் தொழிலாளியானவன், தன் மகனுக்கு வந்த வாய்ப்பையும் தானே தடுத்துவிடுகிறான்! ஒடுக்கியவன் எழுப்பிய வேலியை ஒடுக்கப்பட்டவனே தன் வீட்டுக்குள் எழுப்பும் கொடுமையை இதனினும் கூர்மையாகக் காட்ட இயலுமோ? 1987-இல் சிறந்த இயக்குநருக்கான டோனி விருதை இந்நாடகம் ரிச்சர்ட்ஸுக்குப் பெற்றுத் தந்தது.

குறை சொன்னோரும் உண்டு. யேலில் அவருக்கு முன் தலைவராயிருந்த ராபர்ட் பிரஸ்டீன், ஒரே நாடகம் ஊர் ஊராகச் சென்று பிராட்வேயை அடையும் முறையைச் சாடினார். இலாபம் நாடா அரங்குகள் வணிக மேடைக்கு ஒத்திகைக் கூடங்களாகலாமா எனக் கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. பொது அரங்கு சந்தையின் வாசற்படி ஆகிவிடக்கூடாது. எனினும், செல்வந்தரின் முதலீடு கிட்டாத எழுத்தாளன், அவையோர் முன் எழுதித் திருத்தி எழுத வேறு இடம் எங்கே? அந்தக் காலத்தையும் களத்தையும் தந்தது அம்முறையே.

மற்றொரு குறையை நாமே சொல்வோம். ஒரு மனிதரின் நேர்மையால் திறந்த கதவு, அவர் அகன்றதும் சாத்தப்படலாம். திறந்த கதவு விதியாக வேண்டும். விதிவிலக்காக நின்றுவிடல் ஆகாது.

2006 ஜூன் 29 அன்று, தம் 87-ஆம் பிறந்த நாளிலேயே ரிச்சர்ட்ஸ் மறைந்தார். “தகுதி எங்கே?” என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுக்கு விடை இந்த வரலாற்றில் இருக்கிறது. ஓர் ஆசிரியர் ஐயுற்றார். பள்ளி ஒரு மாணவனை இழந்தது. மற்றோர் ஆசிரியர் செவிமடுத்தார்; உலகம் ஒரு நாடகாசிரியனைப் பெற்றது. இருவரிடமும் நின்றவன் ஒருவனே! தகுதி அவனிடம் அன்றும் இருந்தது. காணும் கண்தான் அன்று இல்லை.