நாற்பதைத் தாண்டிய மட்டை

22, 41. பெர்த், 1974 டிசம்பர். ஸ்கோர் அட்டையில் கண் நிற்காமல் தாண்டிப் போய்விடக்கூடிய எண்கள். எனக்கோ பல இரட்டைச் சதங்களைவிட இவற்றின் மேல்தான் பிரியம். அடித்தவர் காலின் கௌட்ரி. அந்த டெஸ்ட் தொடங்கிய அன்று அவருக்கு நாற்பத்திரண்டு நிறையப் பதினோரு நாள் பாக்கி.

நம் ஊட்டியில் பிறந்தவர் என்பதால் வந்த பிரியமா என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அப்பா தேயிலைத் தோட்டக்காரர்; மகனுக்கு மைக்கேல் காலின் என்று பெயர் வைத்து, மேரிலிபோன் கிரிக்கெட் கிளப்பின் எம்.சி.சி. என்ற முதலெழுத்துகளைப் பிறக்கும்போதே கையில் கொடுத்தவர். ஆனால் என் பிரியத்துக்கு ஊட்டி காரணமில்லை. அந்த இரண்டு இன்னிங்ஸிலும் அவர் பந்தை எவ்வளவு தாமதமாக ஆடினார் என்பதுதான் காரணம்.

கதை பிரிஸ்பேனில் தொடங்குகிறது. முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தாம்சன் ஒன்பது விக்கெட் எடுத்தார். அதோடு டெனிஸ் அமிஸ், ஜான் எட்ரிச் இருவருக்கும் கை எலும்பு முறிந்தது. ஆள் வேண்டும் என்று இங்கிலாந்து அணி ஊருக்குச் சொல்லி அனுப்பியபோது கேட்டது இளைஞன் ஒருவனை அல்ல. 1971க்குப் பிறகு டெஸ்டே ஆடாத கௌட்ரியை. அவர் இங்கிலாந்துக் குளிரில் வீட்டில் இருந்தார். விமானம் ஏறி வந்தார். வலைப்பயிற்சி கொஞ்சம். அடுத்து நேராக, அந்நாளில் உலகத்திலேயே வேகமான பிட்ச் என்று பெயரெடுத்த பெர்த். களத்தில் தாம்சனைச் சந்தித்ததும், ‘நான் கௌட்ரி’ என்று மரியாதையாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டார் என்பார்கள். தாம்சன் என்ன பதில் சொன்னார் என்பதில் ஆளுக்கொரு கதை. எந்தக் கதையிலும் அது மரியாதையான பதில் இல்லை.

தாம்சனின் பந்துவீச்சைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கவண் எறிவது போன்ற வீச்சு. கை முதுகுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். பந்து கண்ணுக்குத் தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும். இருபத்தைந்து வயதுக் கண்ணுக்கே அது போதாத நேரம். நாற்பதைத் தாண்டிய கண் என்ன செய்யும்? பந்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே கௌட்ரியின் பின்கால் ஆஃப் ஸ்டம்பை நோக்கிப் பின்வாங்கிக் குறுக்கே போகும். தலை பந்தின் வழியில் வந்து நிற்கும். பருத்த உடம்பு. அந்த உடம்பில் கைகள் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியவைபோல் மெத்தென்று இருக்கும். மட்டையை இறுக்கிப் பிடிக்காமல் விட்டிருப்பதால் பந்து மோதியதும் செத்துக் காலடியில் விழும். ஸ்லிப்பில் 120 கேட்ச் பிடித்த கைகள் அல்லவா, பந்தை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவை.

மற்றொன்று, விடுவது. அடிக்கத் தெரிந்தவனைக் கைதட்டிப் பாராட்டுகிறோம். விடத் தெரிந்தவனை ஏனோ பாராட்டுவதில்லை. ஆஃப் ஸ்டம்புக்கு நாலு விரற்கடை வெளியே போகும் பந்துக்கு மட்டையை உயர்த்திக்கொள்ள, தன் ஸ்டம்பு எங்கே இருக்கிறது என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிய வேண்டும். இருட்டில் சொந்த வீட்டு விளக்குச் சுவிட்சைத் தொடுகிற மாதிரி. அது பயிற்சியில் வருவதில்லை. பல்லாயிரம் பந்தை விட்டு விட்டு வருவது.

குரல் தேய்ந்த வித்வான்களின் கச்சேரி நினைவுக்கு வரும். மேல் ஸ்தாயியை எட்டுவதுபோல் காட்டிவிட்டுப் பாதியில் இறங்கி, அந்த இறக்கத்தையே ஒரு அழகாக்கிவிடுவார்கள். என்ன, சபாவில் யாரும் பாடகரின் விலா எலும்பைக் குறிபார்ப்பதில்லை.

குறுக்கே நகர்ந்து ஆடுவதற்கு விலையும் உண்டு: காலுக்குப் பின்னால் ஸ்டம்பு திறந்து கிடக்கும். முதல் இன்னிங்ஸில் தாம்சன் பந்தில் போல்டு. இரண்டாவதில், கை அடிபட்ட லக்ஹர்ஸ்டுக்குப் பதிலாகத் துவக்க ஆட்டக்காரராக இறங்கி 41 எடுத்தபின் எல்.பி.டபிள்யூ.; அதுவும் தாம்சன்தான். பெர்த்தில் எடுத்த 63 போக, மீதி நாலு டெஸ்டில் 102 ரன். ஐந்து டெஸ்டில் மொத்தம் 165, சராசரி 18.33. தொடரை இங்கிலாந்து 4–1 என்று தோற்றது. கணக்குப் பார்ப்பவர் கௌட்ரியை அழைத்தது வீண் என்றுதான் தீர்ப்பெழுதுவார். அந்தத் தீர்ப்போடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் கிழவர்களை அழைப்பதே தப்பு என்பாரோடு சண்டைக்குப் போவேன். 1956இல் சிரில் வாஷ்புரூக் தேர்வுக்குழுவில் ஒருவர். வயது 41. டெஸ்ட் ஆடி ஐந்து வருஷம். லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற இங்கிலாந்து, லீட்ஸ் டெஸ்டுக்கு அவரையே எடுத்தது. தேர்வுக்குழுக்காரர் தன்னையே எடுத்துக்கொண்டால் நம்மூரில் பேச்சு எப்படியிருக்கும்! அங்கேயும் பேசினார்கள். அன்று 17 ரன்னுக்கு 3 விக்கெட். வாஷ்புரூக் உள்ளே போய், கேப்டன் பீட்டர் மேயோடு சேர்ந்து 187 ரன் சேர்த்தார். அவர் எடுத்தது 98. சதத்துக்கு இரண்டு குறையப் பெனோ பந்தில் எல்.பி.டபிள்யூ. இங்கிலாந்துக்கு இன்னிங்ஸ் வெற்றி. அடுத்த இரண்டு டெஸ்டிலும் அவரையே ஆடவிட்டார்கள்: 6, 0. கடைசி டெஸ்டுக்கு டெனிஸ் காம்ப்டனை, முழங்கால் சில்லை எடுத்துவிட்ட முப்பத்தெட்டு வயதுக்காரரை, திரும்ப அழைத்தார்கள். அவர் எடுத்தது 94.

என் கட்சி இதில்தான் இருக்கிறது. பழைய பேட்ஸ்மேனை ஒரு டெஸ்டுக்கு அழைக்கலாம். தொடருக்கு அழைக்கக் கூடாது. முதல் ஆட்டத்தில் ஞாபகம் அவரைத் தாங்கும். இரண்டாவதில் எதிராளிக்கும் ஞாபகம் வந்துவிடும்.

இந்தச் சட்டத்தை உடைத்தவர் ஒருவர் உண்டு, நம் கண் முன்னாலேயே. கெர்ரி பேக்கர் தன் தனித் தொடருக்காக ஆஸ்திரேலியாவின் பெரிய ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போனதும், பத்து வருஷம் டெஸ்ட் ஆடாத பாப் சிம்ப்ஸனை 1977இல் கேப்டனாகவே அழைத்தார்கள். வயது 41. வந்த எதிரி இந்தியா. ஐந்து டெஸ்டில் 539 ரன், பெர்த்தில் 176, அடிலெய்டில் 100. தொடர் 3–2 என்று ஆஸ்திரேலியாவுக்கு. முன்பு துவக்க ஆட்டக்காரராக இருந்தவர், இப்போது நடுவரிசையில் இறங்கினார். கெட்டிக்காரத்தனம். பேடியும் பிரசன்னாவும் சந்திரசேகரும் வீசினால் கண் கொஞ்சம் மந்தமானாலும் கால் வேலை செய்தால் போதும். யோசிக்க நேரம் இருக்கிறது. சுழலுக்கு எதிரே வயது ஒரு சொத்து. அடுத்த சில மாதங்களில் அதே சிம்ப்ஸன் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். அங்கே வேகம். எடுபடவில்லை.

வேகம் என்றதும் பிரையன் க்ளோஸ். 1976, ஓல்ட் டிராஃபோர்டு, ஒரு சனிக்கிழமை மாலை. முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து மேற்கிந்தியத் தீவுகளிடம் 71 ரன்னுக்குச் சுருண்டாயிற்று. வெற்றிக்கு 552 வேண்டும். அன்று ஆட்டம் முடிய எண்பது நிமிஷம். துவக்க ஆட்டக்காரர்களாக அனுப்பியது நாற்பத்தைந்து வயது க்ளோஸையும் முப்பத்தொன்பது வயது எட்ரிச்சையும். பிரிஸ்பேனில் கை முறிந்த அதே எட்ரிச். க்ளோஸ் வழக்கமாக நடுவரிசைக்காரர். ஹோல்டிங், ராபர்ட்ஸ், டேனியல் மூவரும் புதுப் பந்தோடு நிற்கும் நேரத்தில் அவரை முதலில் அனுப்பிய யோசனை யாருடையதானாலும், அதில் இளசுகளைக் காப்பாற்றும் கணக்குதான் எனக்குத் தெரிகிறது.

அந்த எண்பது நிமிஷத்தின் படச்சுருளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தலைக்கவசம் வராத காலம். குட்டையாக விழுந்து எகிறும் பந்து நெஞ்சில், விலாவில், தோளில் படுகிறது. க்ளோஸ் குனிவதில்லை, ஒதுங்குவதில்லை. ஒரு பந்தில் மட்டும் முழங்கால் மடங்குகிறது; உடனே, யாரும் பார்த்துவிடப் போகிறார்கள் என்பதுபோல் நிமிர்ந்துகொள்கிறார். பட்ட இடத்தைத் தேய்த்துவிடுவதுகூட இல்லை. நடுவர் பில் அலி கடைசியில் ஹோல்டிங்கை எச்சரித்தார். ஆட்டம் முடிந்தபோது விக்கெட் இழப்பில்லாமல் 21.

இதில் கலை எங்கே, வெறும் முரட்டுத்தனம்தானே என்று கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தால் தெரியும், உடம்பில் பட்டவற்றில் பல, மட்டையால் ஆடியிருந்தால் ஷார்ட் லெக்கிலோ ஸ்லிப்பிலோ கேட்ச் போயிருக்கும். க்ளோஸ் மட்டையைக் கீழே தாழ்த்தி வைத்துக்கொண்டு உடம்பைக் கொடுத்தார். எந்தப் பந்தை மட்டையில் வாங்குவது, எதை எலும்பில் வாங்குவது என்று அந்த வேகத்தில் பிரித்துப் பார்ப்பது முரடனால் முடியாது. கௌட்ரி பந்தைக் கையால் மெத்தென்று வாங்கினார். இவர் நெஞ்சால் வாங்கினார். விக்கெட் இரண்டிலும் தப்பியது.

திங்கட்கிழமை எட்ரிச் 24, க்ளோஸ் 20. அணி 126க்கு ஆட்டமிழந்தது. 425 ரன் தோல்வி. அடுத்த டெஸ்டுக்கு இருவரையும் எடுக்கவில்லை. அதன் பிறகு எப்போதும் எடுக்கவில்லை. க்ளோஸ் முதல் டெஸ்ட் ஆடியதும் இதே ஓல்ட் டிராஃபோர்டில்தான். 1949இல், பதினெட்டு வயதில். அன்று அவர் எடுத்தது 0. இருபத்தேழு வருஷத்தில் மொத்தமே 22 டெஸ்ட். அழைப்பதும் கைவிடுவதுமாகவே அந்த மனிதரை நடத்தியிருக்கிறார்கள்.

கௌட்ரி, எட்ரிச், க்ளோஸ் மூவரையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமானால் 1963 லார்ட்ஸ் டெஸ்டுக்குப் போக வேண்டும். எதிரே மேற்கிந்தியத் தீவுகளின் வெஸ் ஹாலும் கிரிஃபித்தும். எட்ரிச்சுக்கு அதுதான் முதல் டெஸ்ட் வருஷம். ஹாலின் பந்தில் கௌட்ரியின் இடது முன்கை முறிந்தது. முப்பத்திரண்டு வயது க்ளோஸ் வேகப்பந்துக்கு எதிராகக் கிரீஸை விட்டு இறங்கி நடந்து வந்து, உடம்பெல்லாம் கன்றிப்போக 70 ரன் எடுத்தார். கடைசி இரண்டு பந்துக்குக் கௌட்ரி கட்டுப் போட்ட கையோடு மறுமுனையில் வந்து நின்றார். ஒரு பந்துகூட ஆட நேரவில்லை. ஆட்டம் சமன். இங்கிலாந்துக்கு ஆறு ரன் குறைவு.

கௌட்ரி 1975 கோடையில் கென்ட் அணிக்காக ஆஸ்திரேலியர்களுக்கு எதிரே ஆட்டமிழக்காமல் 151 எடுத்து ஜெயிக்க வைத்தார். தேர்வுக்குழு அந்தப் பக்கம் திரும்பவில்லை. நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக முப்பத்து மூன்று வயது டேவிட் ஸ்டீலைப் புதிதாக எடுத்தது. அவர் நன்றாகவே ஆடினார்.

க்ளோஸ் நிறுத்தவில்லை. ஸ்கார்பரோவில் தன் பெயரிலேயே அணி சேர்த்து 1986 வரை ஆடினார், ஐம்பத்தைந்து வயது வரை. முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 34,994 ரன். 35,000க்கு ஆறு குறைவு.