ஒரு வாள், எல்லா மரமும்

குமரி மாவட்டத்தில் மரம் அறுப்பவர் ஒருவரின் ஒரு வாரத்து வேலையைக் கேட்டுப் பாருங்கள். குலசேகரம் பக்கம் பால் வற்றிய ரப்பர். ஈத்தாமொழி மணலில் காய்ப்பு ஓய்ந்த தென்னை. பூதப்பாண்டியில் ஓட்டுக்கூரை மேல் சாயப் பார்க்கும் புளி. எங்கோ ஒரு வீட்டு விளையில், கதவுக்கும் நிலைக்குமென்று இரண்டு தலைமுறை காத்து நின்ற அயனியோ பலாவோ. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மரத்தின் குணம் இத்தனை முறை மாறும் மண் இது. அதனால்தான் நாகர்கோவில் செயின்சா கடையில் நின்று, “ஒரே மிஷின்தான் வாங்க முடியும், எல்லா வேலைக்கும் ஆகணும், எது எடுக்கலாம்ணே?” என்று கேட்பவரின் கேள்வி எனக்கு எப்போதும் பெரிய கேள்வியாகவே படுகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 45 முதல் 50 சிசி வரையிலான எஞ்சின், 16 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் தகடு), சுற்று வட்டாரத்தில் உதிரிபாகம் கிடைக்கும் கம்பெனி. இதற்குக் கீழே போனால் புளியில் திணறும். மேலே போனால் மாலை நான்கு மணிக்குத் தோள் திணறும்.

தொல்காப்பியத்தின் மரபியல், வயிரம் புறத்தே இருப்பதைப் புல் என்றும் அகத்தே இருப்பதை மரம் என்றும் வகைப்படுத்துகிறது. செயின்சா பிடித்த கைக்கு இந்தப் பாகுபாடு உடனே விளங்கும். தென்னையிலும் பனையிலும் பல் பட்ட கணத்திலேயே எதிர்ப்பு கடுமையாக வரும். உள்ளே சோற்றுப் பகுதிக்குப் போனதும் இளகி, வாள் தானாக ஓடும். மறுபுறம் நெருங்கும்போது மீண்டும் இறுகும். புளியில் இது தலைகீழ். வெளியே இருக்கும் வெள்ளை சுலபமாக வழிவிடும். கறுத்த வயிரத்தைத் தொட்டதும் எஞ்சினின் சத்தம் கீழே இறங்கும். பலாவில் கூடுதலாகப் பால் ஒட்டும். தென்னை நாரோ செயின் எண்ணெயை உறிஞ்சி, ஸ்பிராக்கெட் மூடிக்குள் திரண்டு அடைக்கும். ஒரே வாள் இவை எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்க வேண்டும். வயிரத்தில் வேகம் விடக்கூடாது, சோற்றில் கையை மீறி ஓடக்கூடாது.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஸ்டீல் (Stihl) கம்பெனியின் எம்எஸ் 180 சுமார் 32 சிசி. பாரும் பெட்ரோலும் இல்லாமல் 4 கிலோ. கிளை கழிக்கவும் விறகு துண்டுபோடவும் அருமையானது. எம்எஸ் 382 சுமார் 72 சிசி, 6 கிலோவுக்கு மேல். பருத்த அடிமரத்துக்கு அது ராஜா. ஆனால் சாய்ந்த மரத்தில் வளைந்து நின்று பிடிக்கும்போது ஒவ்வொரு கிலோவும் இரண்டாகத் தெரியும். நடுவில் நிற்பது எம்எஸ் 250: 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. ஹஸ்க்வர்னா 445 இதே வகுப்பு. எம்எஸ் 180ஐவிட அரைக் கிலோவுக்குச் சற்று மேல் சுமை கூடுகிறது, பலம் ஒன்றரை மடங்காகிறது. இந்தக் கணக்கில்தான் நடுத்தர வாளின் அழகு இருக்கிறது.

16 அங்குலப் பார் சிறிதாயிற்றே என்று தோன்றலாம். முன்வெட்டுப் போட்டு இருபுறமும் மாறி நின்று அறுக்கத் தெரிந்தவருக்கு, பாரின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு பருமனுள்ள மரமும் அடங்கும். நம் வீட்டு விளைகளில் அதைத் தாண்டும் மரம் அபூர்வம். பாரை 20 அங்குலமாக்கினால் செயினில் பற்களும் கூடும். அத்தனையையும் இழுக்க இதே எஞ்சின் மூச்சு வாங்கும், அத்தனைக்கும் அரம் போட வேண்டும்.

இன்று கையடக்கமாகத் தோன்றும் இந்தச் செயின்சா அப்படி ஆவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆந்திரயாஸ் ஸ்டீல் 1926இல் ஜெர்மனியில் தொழிலைத் தொடங்கியபோது செயின்சாவைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒருவரே பிடிக்கும் பெட்ரோல் வாள் 1950இல் வந்தது. 1959இல் வந்த ‘கான்ட்ரா’வில் எடை 12 கிலோ அளவுக்கு இறங்கியது. ஆனால் எடை குறைந்ததைவிடப் பெரிய மாற்றம் பல்லில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் பூஃபர்ட் காக்ஸ் என்ற மரத்தொழிலாளி, 1946இல் ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு துளைபோட்டுப் போவதைக் கண்டார். வளைந்த தாடையால் இடமும் வலமும் மாறிமாறிக் கடித்து, இழையின் போக்கிலும் இழைக்குக் குறுக்காகவும் அது சிரமமில்லாமல் நகர்ந்தது. அந்தத் தாடையின் வடிவத்தில் பல் செய்து, மறு ஆண்டே போர்ட்லாந்தில் செயின் உற்பத்தியைத் தொடங்கினார். இன்று நம் ஊர் ரப்பர் தோட்டத்தில் ஓடும் செயினின் இடப்பல்லும் வலப்பல்லும் அந்தப் புழுவின் வாரிசுகள்.

ஆகவே வாளின் உயிர் எஞ்சினில் மட்டும் இல்லை, பல்லிலும் இருக்கிறது. நல்ல மரவெட்டுக்காரர் அரம் போடுவதை அருகில் நின்று பார்ப்பது எனக்கு ஒரு கச்சேரி. முதலில் செயினை வெயிலில் திருப்பிப் பார்ப்பார். மழுங்கிய பல்லின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடாக வெளிச்சம் மின்னும். கூரான விளிம்பில் மின்ன இடமே இருக்காது. 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம். 30 டிகிரி சாய்வில், பல்லின் உள்ளிருந்து வெளியே, தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது அரம் பல்லைத் தொடாது. எல்லாவற்றிலும் குட்டையான பல்லை முதலில் தேர்ந்து, மற்றதை அதன் நீளத்துக்குக் கொண்டுவருவார். இடப்பக்கம் இரண்டு தள்ளல் குறைந்தால் வெட்டு ஒரு பக்கமாக வளையும். பல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டைத் திட்டு, வெட்டும் ஆழத்தைக் கட்டுப்படுத்துவது, பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். அதை அதிகம் ராவிவிட்டால் வாள் குதிக்கும், எகிறும்.

பிறகு அறுக்கும்போது கீழே விழுவதைக் கவனியுங்கள். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவாகப் பொழியும். ஆளும் தன்னையறியாமல் வாளை அழுத்தத் தொடங்குவார். மாவு விழுந்தால் நிறுத்தி அரம் எடுக்க வேண்டும். ரப்பரில் இது இன்னும் அவசியம்: பால் வடிந்த தகரச் சில்லும் சிரட்டை கட்டிய கம்பியும் பட்டைக்குள் புதைந்து கிடக்கும், ஒரு ஆணி பட்டால் பத்துப் பல் போகும். ரப்பர் தடி வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயக்கூடியது. அங்கே மழுங்கிய வாளோடு மல்லுக்கட்ட நேரமும் கிடையாது.

இந்த மாவட்டத்தில் நடுத்தர வாளின் மதிப்பை எல்லோரும் கண்ணால் கண்டது 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் வீசிய நாள். ரப்பரும் தென்னையும் மின்கம்பமும் சாலைக்குக் குறுக்கே பின்னிக் கிடந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் பேட்டரி வாளும் மின்வாளும் உதவாது; பெட்ரோல்தான். விழுந்த மரம் நிற்கும் மரம்போல அல்ல. ஒரு பக்கம் இழுத்து விறைத்திருக்கும், மறுபக்கம் நசுங்கியிருக்கும். நசுங்கிய பக்கம் கொஞ்சம் கீறி, விறைத்த பக்கம் அறுத்து முடிக்க வேண்டும். தவறினால் பாரை மரம் கவ்விக்கொள்ளும், இல்லையென்றால் கிளை விசிறி அடிக்கும். கிளைகளுக்கு நடுவே வாளைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க எடை குறைவு வேண்டும், அடிமரம் அறுக்க பலமும் வேண்டும். இரண்டும் ஒரே கையில் இருந்தவர்களே அன்று வழி திறந்தார்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை சிலதான். 58 சிசி என்று எழுதி 22 அங்குலப் பார் மாட்டிய மலிவு மிஷின்கள் எண்ணால் மயக்கும்; கார்புரேட்டரும் கிளட்சும் நாளை கிடைக்குமா என்று கேளுங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது செயின் அசையாமல் நிற்க வேண்டும். பாரின் முனையை வெளிறிய கட்டைக்கு அருகே பிடித்து முடுக்கினால் எண்ணெய் ஒரு மெல்லிய கோடாகத் தெறிக்க வேண்டும். பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில். பாருக்குக் கழிவு ஆயில் ஊற்றவே கூடாது, அதிலுள்ள துகள் பாரையும் பம்பையும் தின்றுவிடும். செயின் பிரேக்கை முன்னால் தள்ளி, பிடிக்கிறதா என்று பாருங்கள். பார் முனையின் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் காப்பாற்றுவது அந்த பிரேக்தான். லுங்கியும் செருப்புமாக இதைப் பிடிப்பது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அது மாறவேண்டும். கால்காப்பு, கண்ணாடி, காதுமூடி மூன்றையும் வாளின் விலையில் சேர்த்தே கணக்கிடுங்கள்.

நான் ஒரு வாளை மதிப்பிடுவது அது அறுத்த முகத்தைப் பார்த்துத்தான். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க்கொட்டாரத்தில் பலாவில் செதுக்கிய தூணைக் கண்டவர்கள் நாம். மரத்தின் அருமை தெரிந்த மண்ணில் பிறந்தவர்கள். அடிமரத்தில் வெட்டு கோணினால் ஒரு பலகையே குறையும். இரண்டு தலைமுறை வளர்ந்த அயனியில் அது சின்ன நட்டமல்ல. முகம் சமமாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால், வாளும் சரி, அதைப் பிடித்த கையும் சரி.

அதனால் கேட்பவரிடம் நான் இப்படித்தான் சொல்வேன்: 45 சிசி வாள் ஒன்று, செயின் இரண்டு, அரம் மூன்று வாங்குங்கள். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத புளி வந்தால், 70 சிசி வைத்திருப்பவரைக் கூலிக்குக் கூப்பிடுங்கள். அது வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை. மிச்சமுள்ள நாளெல்லாம் இந்த ஒன்று போதும். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் செயினுக்கு அரம் போடுகிற பழக்கம் இருந்தால், எல்லா மரத்துக்கும் போதும்.