2 பிபிஎம் எங்கிருந்து வந்தது?

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளிக்குப் போகும் மயக்க வாயு கொஞ்சம் அறைக்குள்ளும் கசியும். முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் கசியும், மருந்தை ஊற்றும்போது சிந்தினால் கசியும். நோயாளி ஒரு நாளில் போய்விடுவார். அதை வருடக்கணக்கில் சுவாசிப்பது மயக்க மருத்துவரும் நர்சும்தான்.

இதற்கு வரம்பு வைத்த அமெரிக்க ஆவணத்தைப் போன வாரம் முழுசாகப் படித்தேன். தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம் 1977-இல் வெளியிட்டது. ஹாலோத்தேன் வகை மருந்துகளுக்கு உச்சம் 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. நைட்ரஸ் ஆக்சைடுக்குச் சராசரி 25.

இந்த 2 எப்படி வந்தது தெரியுமா? பாதுகாப்பான அளவு இதுதான் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அன்றைய முறையில் அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவையே வரம்பாக வைத்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் இதை மேஜிக் நம்பர் என்போம். யாரோ போட்ட எண், காரணம் மறந்துபோய் பத்து புரோகிராமில் காப்பி ஆகியிருக்கும். 1995-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செவோஃப்ளூரேனுக்கும் இதே 2-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

25-இன் கதை இன்னும் மோசம். 50 பிபிஎம்மிலேயே கவனமும் வேகமும் குறைவதாக புரூஸ், பாக் இருவரும் செய்த சோதனைதான் அதற்கு ஆதாரம். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. சோதனைக்கு வந்தவர்கள் மார்மன் சமயத்தவர், அவர்களுக்கு மருந்து தூக்கலாக வேலை செய்திருக்கலாம் என்று 1983-இல் புரூஸே எழுதினார். பிரிட்டன் நைட்ரஸ் ஆக்சைடுக்கு 100 வரை விட்டது.

அப்போ எல்லாமே வீண் பயமா? அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல் மருத்துவ உதவியாளர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 1992-இல் வந்தது. வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு இல்லாத கிளினிக்குகளில், வாரம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ நைட்ரஸ் ஆக்சைடு பட்ட பெண்களுக்கு ஒவ்வொரு மாதமும் கருத்தரிக்கும் வாய்ப்பு 59 சதவீதம் குறைவு. அந்த ஏற்பாடு இருந்த இடங்களில் இந்தக் குறைவு தெரியவில்லை. ஆக, எண் தப்பாக இருக்கலாம், உறிஞ்சும் குழாய் தப்பில்லை.

அந்தக் குழாய், கசிவுச் சோதனை, வேலைமுறை எல்லாம் அதே 1977 ஆவணத்தில் இருக்கின்றன. மேற்கோள் காட்டுபவர்கள் அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூக்கை நம்பவும் முடியாது, ஹாலோத்தேன் வாசனை தெரிய 2-ஐப் போலப் பல மடங்கு வேண்டும். சில இடங்களில் குழாய்க்குப் பதில் கரி டப்பா மாட்டுகிறார்கள். அது ஹாலோத்தேன் வகையைப் பிடிக்கும். நைட்ரஸ் ஆக்சைடு அதன் வழியாக நேரே அறைக்குள் வந்துவிடும்.