வரப்பு நண்டின் வம்சம்

கீரனூர்ப் பக்கம் வரப்பில் வளை தோண்டித் தண்ணீரைக் கசியவிடும் வயல் நண்டைத் திட்டுவார்கள். சளி பிடித்தால் அதையே இடித்து ரசம் வைப்பார்கள். எனக்கு அதன் வயிற்று மடிப்பைப் பார்க்கத்தான் ஆசை. தாய் நண்டு முட்டைகளை அங்கேதான் சுமக்கிறது. மிதந்து திரியும் லார்வாப் பருவமே கிடையாது. காலும் கொடுக்குமாக நேரே நண்டுக்குஞ்சே பொரிந்து, கொஞ்ச காலம் தாய்மடியில் ஒட்டிக்கிடக்கும்.

கிறிஸ்துமஸ் தீவுச் செந்நண்டு வேறு ரகம். காட்டில் வாழ்ந்தாலும் முட்டையைக் கடலில்தான் உதறும். லார்வாக்கள் ஏறக்குறைய ஒரு மாதம் நீரோட்டத்தில் அலையும். 900 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கோக்கோஸ் தீவுகளிலும் அந்த இனம் உண்டு.

நம்மூர் நண்டுக்கோ இரண்டு கண்மாய்க்கு நடுவிலுள்ள பொட்டலே பெருங்கடல். வெள்ளம் அடித்துப்போனாலோ, மழையிரவில் தானே நடந்தாலோதான் அடுத்த ஊர்ச் சம்பந்தம்.