அரசியல் வேண்டாமுங்க: ஆப்பிரிக்கா பற்றி நான் கேட்ட மூன்று பேச்சுகள்

போன வாரம் பழைய நோட்டுகளை ஒதுக்கி வைக்கும்போது 2018-ல் எழுதிய ஒரு குறிப்பு கையில் கிடைத்தது. கோவையில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த கூட்டம். விஷயம், எத்தியோப்பியாவில் ஜவுளி முதலீடு. சோமனூரிலிருந்து நானும் என் மாமன் மகனும் பஸ் ஏறிப் போயிருந்தோம். எங்க வீட்டில் அப்போது எட்டு தறி கூலிக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நோட்டில் மூணு பக்கம் நிறைய எண்கள். கடைசி வரி மட்டும் வேறு மாதிரி: "கேள்வி நேரம். ஒருத்தர் அங்கே நடந்த போராட்டம் பத்திக் கேட்டார். மேடையில், 'அரசியல் வேண்டாமுங்க, தொழில் பேசலாம்' என்று முடித்துவிட்டார்கள்."

அந்த வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். நம்ம பக்கம் ஆப்பிரிக்கா பற்றி நடக்கும் கூட்டங்களின் கோளாறு அத்தனையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் பார்க்கிறேன். மூன்று பேச்சுகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நேரில் கேட்டவை, ஒன்று வீடியோவில்.

ஹோட்டல் ஹாலில் எத்தியோப்பியா

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மேடையில் சொன்ன எண்கள் பொய் இல்லை. ஹவாசா தொழிற்பூங்கா 2016-ல் திறக்கப்பட்டது, சீனக் கம்பெனி கட்டியது. முழுசாக ஓடினால் 60,000 பேருக்கு வேலை என்பது இலக்கு. அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூத்தி துறைமுகத்துக்கு மின்சார ரயில். எல்லாவற்றுக்கும் மேல் 'அகோவா' என்கிற அமெரிக்கச் சட்டம். 2000-ல் வந்த இந்தச் சட்டப்படி ஆப்பிரிக்க நாடுகளின் ஆயத்த ஆடை அப்போது வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போக முடிந்தது. நம்ம திருப்பூர் காட்டன் டி-சர்ட்டுக்கு அப்போது 16.5 சதவீதம் வரி. எத்தியோப்பியா போன்ற ஏழை நாடுகளுக்கு இன்னொரு சலுகையும் அப்போது இருந்தது, துணி எந்த நாட்டுத் துணியாக இருந்தாலும் பரவாயில்லை. ஹாலில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த ஸ்லைடுக்குத்தான். நானும் நிமிர்ந்தேன். நம்ம காடா துணிக்கு ஒரு வழி பிறக்குதே என்று தோன்றியது.

அடுத்த ஸ்லைடு சம்பளம். அதைப் பெருமையாகச் சொன்னார்கள். மறு வருஷம், 2019-ல், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் மையம் ஹவாசா பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர், அன்றைய மதிப்பில் 1,800 ரூபாய் சுமார். உலகத்தில் ஆடை தைக்கிற எந்த நாட்டையும் விட இது குறைவு என்றது அறிக்கை. தனியார் துறைக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே அங்கே கிடையாது. 1,800 ரூபாயில் ஒரு பொண்ணு வாடகை கட்டி, சாப்பிட்டு, ஊருக்குப் பணம் அனுப்ப முடியுமா என்பது ஒரு தொழில் கேள்விதான். ஏனென்றால் முடியாதபோது ஆள் நின்றுவிடும், லைன் காலியாகும். கூட்டத்தில் அது 'சமூகப் பிரச்சினை' என்ற தலைப்பில்கூட வரவில்லை.

மேடையில் ஒதுக்கிய அந்தக் கேள்விக்கு வருவோம். 2015, 2016-ல் ஒரோமியா பகுதியில் பெரிய போராட்டங்கள். நிலம் பறிபோகிறது, அதிகாரத்தில் பங்கில்லை என்பது குறை. 2016 அக்டோபரில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். 2018 ஏப்ரலில் அபிய் அகமது பிரதமரானார், 2019-ல் நோபல் அமைதிப் பரிசும் வாங்கினார். ஹவாசா இருப்பது சிதாமா மக்களின் மண். தனி மாநிலம் கேட்டு அவர்கள் நடத்திய இயக்கம் 2019 ஜூலையில் கலவரமாகி, நவம்பரில் வாக்கெடுப்பு நடந்து, 2020-ல் தனி மாநிலமே வந்தது. 2020 நவம்பரில் திக்ரே போர். திக்ரேயின் தலைநகர் மெக்கெல்லேயிலும் ஒரு தொழிற்பூங்கா, நம்ம பக்கத்து ஆட்களும் அங்கே போய் ஆலை போட்டிருந்தார்கள். 2021 நவம்பரில் ஹவாசாவின் முக்கிய வாடிக்கையாளரான அமெரிக்க ஆடை நிறுவனம் கடையைக் கட்டியது. 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியாவை அகோவாவிலிருந்தே அமெரிக்கா நீக்கிவிட்டது. காரணமாகச் சொன்னது போரில் நடந்த மனித உரிமை மீறல்களை.

போர் வரும் என்று 2018-ல் யாருக்கும் ஜோசியம் தெரியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிச்சலுகை அமெரிக்க அதிபர் வருஷா வருஷம் தகுதி பார்த்துக் கொடுப்பது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த நாட்டு அரசியலின் மேல்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது என்று அதற்கு அர்த்தம். கணக்கைக் காட்டிவிட்டு அரசியலை வேண்டாம் என்றால், பாவு மட்டும் ஓட்டி ஊடையை விட்டுவிட்டுத் துணி நெய்கிற மாதிரி.

என் மாமன் மகன் அந்தக் கூட்டம் முடிந்த ஆறாம் மாசம் ஹவாசாவுக்கு வேலைக்குப் போனான். "போ மாப்ள, நல்ல சான்ஸ்" என்று சொன்னதில் நானும் ஒருத்தன். அதனால்தான் இதை எழுதுவது எனக்கு லேசாக இல்லை.

கல்லூரியில் தென்னாப்பிரிக்கா

இரண்டாவது, நம்ம மாவட்டக் கல்லூரி ஒன்றில் கேட்ட உரை. தலைப்பு தமிழரும் ஆப்பிரிக்காவும். 1860-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் டர்பன் போனது, காந்தி, 1913 சத்தியாகிரகம், 1914 பிப்ரவரியில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மை. பேசியவர் உருக்கமாகப் பேசினார், பின்வரிசையில் கண்ணைத் துடைத்தவர்களைப் பார்த்தேன். பிறகு ஒரே தாவலில் 1994, மண்டேலா, நன்றியுரை.

நடுவில் எண்பது வருஷத்தைத் தாண்டியதைக் கூட விட்டுவிடலாம். 1913-லேயே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதே 1913 ஜூனில்தான் தென்னாப்பிரிக்காவில் பூர்வகுடி நிலச் சட்டம் வந்தது. நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவீதத்துக்கு வெளியே கறுப்பின மக்கள் நிலம் வாங்கக்கூடாது என்றது சட்டம். பின்னால் வந்த நிறவெறி ஆட்சிக்கு அஸ்திவாரமே அதுதான் என்று சொல்லலாம். அதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஜான் டுபே. 1912-ல் தொடங்கிய, பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் ஆன அமைப்பின் முதல் தலைவர். அவருடைய ஓலாங்கே பள்ளி இருந்தது இனாண்டாவில். காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு இருந்ததும் அதே இனாண்டா பகுதியில். அக்கம்பக்கத்தில் இருவர், ஒரே வருஷத்தில் இரண்டு போராட்டம். ஏன் இரண்டும் ஒன்றாகவில்லை? இதை ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். தமிழர் தியாகம் குறையாது, அதன் பக்கத்தில் இன்னொருத்தர் தியாகமும் தெரியும், அவ்வளவுதான்.

ஹோட்டல் கூட்டத்துக்கு ஆப்பிரிக்கா ஒரு சந்தை. கல்லூரி உரைக்கு அது நம்ம கதை நடந்த மேடை. இரண்டிலும் ஆப்பிரிக்கர் யாரும் வாய் திறக்கவில்லை.

அடிஸ் அபாபாவில் ஒரு கைத்தறிச் சட்டை

மூன்றாவது பேச்சை நான் கேட்டது செல்போனில், துணைத்தலைப்பு வைத்து. 1987 ஜூலை 29, அடிஸ் அபாபா, ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாடு. பேசுவது புர்கினா ஃபாசோ அதிபர் தாமஸ் சங்கரா. விஷயம் வெளிநாட்டுக் கடன். கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் கொடுத்தவன் சாகமாட்டான், கட்டினால் நாம் சாவோம் என்று அவர் வாதாடுகிறார். நான் மட்டும் மறுத்தால் அடுத்த மாநாட்டுக்கு இருக்கமாட்டேன், அதனால் எல்லாரும் சேர்ந்து மறுப்போம் என்கிறார். தலைவர்கள் சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். மூன்று மாதம் ஆகவில்லை, அக்டோபர் 15-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

எல்லாரும் பகிர்வது இந்த இடத்தைத்தான். ஒரு தறிக்காரன் வீட்டுப் பையனாக எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. நானும் என் குழுவும் உடுத்தியிருப்பது எங்க விவசாயி விளைவித்த பஞ்சு, எங்க நெசவாளர் நெய்த துணி, இதில் வெளிநாட்டு நூல் ஓர் இழைகூட இல்லை என்கிறார். அந்தத் துணிக்கு ஃபாசோ தான் ஃபானி என்று பெயர். அரசு ஊழியர்கள் அதைத்தான் உடுத்த வேண்டும் என்று அவர் உத்தரவே போட்டார். நமக்கு கதர் ஞாபகம் வராமல் போகாது.

ஆனால் இந்த வீடியோவைப் பகிர்கிறவர்கள் பேசாத பக்கமும் உண்டு. அதே சங்கரா அரசு 1984-ல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கியது. கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்தத் தெரிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ள முடியாது. மேடையில் நல்லாப் பேசியவர் என்பதற்காக ஆட்சிக்கணக்கைக் கேட்காமல் விடுவதும் அரசியல் வேண்டாம் என்பதில் இன்னொரு வகைதான்.

துணிக்கதையும் அவரோடு முடியவில்லை. அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர் பிளேஸ் கம்பவோரே. கொலையில் பங்கு என்று 2022-ல் ராணுவ நீதிமன்றம் அவர் இல்லாமலேயே ஆயுள் தண்டனை கொடுத்தது. இதே கம்பவோரே 2003-ல் மாலி அதிபரோடு சேர்ந்து ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். அமெரிக்காவின் 25,000 பருத்தி விவசாயிகளுக்குக் கிடைக்கும் மானியம் சுமார் 300 கோடி டாலர், அது எங்க நாட்டின் மொத்த உற்பத்தியை விட அதிகம், எங்க பஞ்சு விலை அதனால் விழுகிறது என்பது வாதம். வாதம் சரி. பெனின், புர்கினா, சாட், மாலி நாலும் சேர்ந்து அந்த வருஷம் கான்கூனில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் அதை வைத்தன. மாநாடே முறிந்துபோனது. கொலைப்பழி சுமந்தவர் சொன்னாலும் நியாயமான கணக்கு நியாயமான கணக்குதான். நல்லவர் கெட்டவர் என்று இரண்டு டப்பா வைத்துக்கொண்டால் இது புரியாது.

இன்னொன்று. புர்கினா 2008-ல் பி.டி. பருத்திக்கு மாறியது. மகசூல் கூடியது, ஆனால் இழை நீளம் குறைந்தது. கையால் பறிக்கும் அவர்கள் பஞ்சுக்கு உலகச் சந்தையில் இருந்த நல்ல பெயர் போக ஆரம்பித்ததும், 2016 வாக்கில் கைவிட்டார்கள். இழை நீளம் குறைந்தால் நூலுக்கு என்ன ஆகும், தறியில் எத்தனை அறுப்பு வரும் என்று சோமனூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே ஒரு ஹாலில் இதைப் பேசினால் மேடையை விடக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம் பேசுவார்கள். அப்படி ஒரு கூட்டம் இதுவரை நான் பார்க்கவில்லை.

என்ன கூட்டம் வேண்டும்

2025 மார்ச் 19-ல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்கிறவர்கள் தறியை நிறுத்தினார்கள். ஏப்ரலில் சோமனூரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு மாதம் தாண்டித்தான் பேச்சுவார்த்தை முடிந்தது, சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்றவற்றுக்கு 10. அந்தப் பந்தலில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "நம்மளப் பத்தி எத்தன கூட்டம் போட்டிருப்பாங்க கண்ணு, ஒரு தடவையாவது நம்மளப் பேசச் சொன்னாங்களா?" எனக்கு அப்போது ஹவாசாதான் ஞாபகம் வந்தது. குறைந்த கூலி, தடையில்லா கரண்ட், பிரச்சினை பண்ணாத ஆட்கள் என்று நம்மளைப் பற்றியும் எங்கோ ஒரு ஹாலில் ஸ்லைடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. ஆப்பிரிக்கா பற்றிக் கூட்டம் போடுகிறவர்கள் அந்த நாட்டுக்காரர் ஒருத்தரைப் பேச வையுங்கள். நம்ம ஊர்க் கல்லூரிகளிலேயே ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள், ரொம்பத் தூரம் தேட வேண்டாம். சம்பள ஸ்லைடு போட்டால் வாடகை ஸ்லைடும் போடுங்கள். வரிச்சலுகை சொன்னால் அதை யார், எப்போது எடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். கேள்வி நேரத்தைக் காபிக்கு முன்னால் வையுங்கள்.

மாமன் மகன் 2022 தொடக்கத்தில் ஊர் திரும்பினான். அவன் லைனில் இருந்த பொண்ணுங்க நாலு பேர், அஞ்சு பேர் சேர்ந்து ஒரு ரூமில் இருந்தார்களாம். ஆர்டர் நின்றபோது அவர்கள் அத்தனை பேரும் போனது எங்கே என்று அவனுக்குத் தெரியாது. இப்போது வேறொரு ஆப்பிரிக்க நாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கோவையில் ஒரு கூட்டம், வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்திருக்கிறது. "போலாங்களா மச்சான்?" என்று கேட்டான்.

போறோம். இந்தத் தடவை முன்வரிசையில் உட்காரப் போகிறோம். கேள்வியை அவன் கேட்பான்.