ஏற்காட்டு மலைப்பாதையும் சக்கரத்தின் அளவும்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் மலைமேல் அமைந்த ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடைப்பட்ட 1,200 மீட்டர் ஏற்றத்தின் பெரும்பகுதியை அடிவாரத்துக்கு மேலுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகள் சுமக்கின்றன. வேகத்துக்காகவும் ஓட்டும் இன்பத்துக்காகவும் அமைக்கப்பட்ட காரை, அதாவது பெர்ஃபார்மன்ஸ் கார் என்று வழங்கப்படும் வகையை, எடைபோட்டுப் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நேர்மையான சாலை அரிது. கொல்லிமலையின் 70 வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வந்து ஸ்டியரிங்குக்கு ஓய்வே தருவதில்லை. ஏற்காட்டுப் பாதையோ வளைவுக்கும் வளைவுக்கும் இடையே காரின் நடையை உணர்வதற்கு இடம் விடுகிறது. அவ்வாறு உணரப்படுவது எஞ்சினின் குதிரைத்திறன் மட்டுமன்று என்பதும், சாலையைத் தொடும் ஒரே உறுப்பாகிய டயரின் அளவே அந்த நடையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் ரசனையுள்ள ஓட்டுநர் விரைவில் கண்டுகொள்ளும் உண்மைகள்.

டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 205/55 R16 91V என்னும் குறியீடு, படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு முழு விவரக் குறிப்பாகும். 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. R என்பது உள்ளிருக்கும் இழைகள் ஆரம்போல் மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் ரேடியல் அமைப்பு. 16 என்பது டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்பதற்கான சுமைக் குறி. V என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை ஓடத் தகுதி பெற்றது என்பதற்கான வேகக் குறி. அம்பாசடர் காலத்து 5.90-15 என்ற குறியீட்டில் பக்கச்சுவரின் உயரத்துக்குத் தனி எண்ணே கிடையாது. அன்று எவரும் பொருட்படுத்தாத அந்த நடு எண்தான் இன்று ரசனைக்கும் வணிகத்துக்கும் இடையிலான வழக்கின் மையமாக இருக்கிறது.

வழக்கு இதுதான். ரிம் பெரிதானால், டயரின் மொத்த விட்டம் மாறாதிருக்க வேண்டி, பக்கச்சுவர் குட்டையாக வேண்டும். 205/55 R16 டயரின் மொத்த விட்டம் 632 மில்லிமீட்டர்; 225/45 R17 டயருக்கு அது 634; 225/40 R18 டயருக்கு 637. மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் காரைத் தாங்குகின்றன. ஆனால் முதலாவதில் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே 113 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் இருக்க, மூன்றாவதில் 90 மில்லிமீட்டரே எஞ்சுகிறது. மொத்த விட்டத்தைக் காக்காமல் பெரிய டயரை மாட்டினால், எஞ்சின் தரும் முறுக்குவிசை கூடுதல் ஆரத்தில் பரவி, சாலையைத் தள்ளும் விசை அதே விகிதத்தில் குறையும்; ஸ்பீடோமீட்டரும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். 2013-இல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ 185/60 R15 டயரில் ஓடியது. பின்னாளில் அதன் தயாரிப்பாளரே 195/55 R16 அளவுக்கு மாறியபோது விட்டம் 603-இலிருந்து 621 மில்லிமீட்டராக, அதாவது 3 விழுக்காடு, கூடிற்று. சமவெளி நெடுஞ்சாலையில் இதை எவரும் உணரார். இரண்டாம் கியரில் ஏறும் மலை வளைவின் வாயிலில், நுண்ணுணர்வுள்ள கால் இதை உணரக்கூடும்.

வளைவில் நிகழ்வதைச் சற்று நின்று ஆராய்வது தகும். முன்சக்கரம் ஒன்றின்மேல் 350 கிலோ எடை அழுத்துவதாகவும் டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருப்பதாகவும் கொண்டால், டயர் சாலையைத் தொடும் பரப்பு சுமார் 155 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரியது. அகலமான டயரை மாட்டுவதால் இந்தப் பரப்பு பெருமளவில் கூடிவிடுவதில்லை, ஏனெனில் எடையும் காற்றழுத்தமும் மாறவில்லை; பரப்பின் வடிவம் மட்டும் மாறி, நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. அந்த மாற்றத்தால் ஸ்டியரிங் திருப்பத்துக்கு டயர் விரைந்து பதில் சொல்கிறது என்பதும், பிடிப்பு ஓரளவு உயர்கிறது என்பதும் உண்மைதான். எனினும் அந்த ஆதாயத்தைக் கொண்டை ஊசி வளைவின் அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில், புவியீர்ப்பின் 0.8 மடங்கு பக்கவிசையைத் தாங்கும் டயர் மணிக்கு 35 கிலோமீட்டர் வரை பிடித்து நிற்கும். அதைவிட உயர்ந்த, 0.85 மடங்கு தாங்கும் டயரின் எல்லை 36 கிலோமீட்டர். பெருஞ்செலவில் வாங்கிய அகலம் இங்கே தரக்கூடியது அந்த ஒரு கிலோமீட்டர்தான். அதே வளைவு நனைந்து, பிடிப்பு 0.5 மடங்காகச் சரிந்தால், எல்லை 28 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் ஓட்டுநருக்கு வேண்டியது எல்லையை ஒரு கிலோமீட்டர் தள்ளிவைக்கும் டயரைவிட, அது நெருங்குவதை முன்னரே தெரிவிக்கும் டயர் என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

அந்த அறிவிப்பைத் தருவது பக்கச்சுவர். வளைவில் திரும்பும் டயர், தான் நோக்கும் திசையில் அப்படியே செல்வதில்லை. ரப்பர் நெளிவதால் நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகிறது. நழுவுகோணம் என்று கூறத்தக்க இக்கோணம் கூடக்கூடப் பிடிப்பும் கூடி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பின் சரிகிறது. ஓரளவு உயரமுள்ள பக்கச்சுவரில் இந்த உச்சம் மெல்ல வந்து மெல்லச் செல்கிறது. ஸ்டியரிங் கையில் படிப்படியாக இளகுவதையும் டயர் முனகத் தொடங்குவதையும் கேட்டு, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைத் தளர்த்த அவகாசம் கிடைக்கிறது. மிகக் குட்டையான பக்கச்சுவரிலோ உச்சம் கூர்மையானது; அதுவரை கத்திபோல் கூர்மையாகத் திரும்பிய கார், முன்னறிவிப்பின்றி வெளிப்புறமாக வழுக்கக்கூடும். வலப்புறம் பாறை, இடப்புறம் பள்ளம் என்று அமைந்த சாலையில் இவ்விரண்டில் எது நல்ல டயர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. உயரமான பக்கச்சுவர் மழுங்கலானது என்ற பொதுக்கருத்தும் முழுதாக ஏற்கத்தக்கதன்று: ஃபார்முலா ஒன் கார்களே 2021 வரை 13 அங்குல ரிம்மில், தடித்த பக்கச்சுவரோடுதான் ஓடின, 2022-இல்தான் அவை 18 அங்குலத்துக்கு மாறின.

அந்தப் பந்தய உலகிலிருந்தே, டயர் சாலைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பதற்குத் தமிழர் மறக்கலாகாத ஒரு சான்று கிடைக்கிறது. 2005-இல் மிஷலின் டயர்களே மேலோங்கி நின்றன. அந்த ஆண்டின் 19 போட்டிகளில் 18-ஐ அவையே வென்றன. எஞ்சிய ஒன்று, ஜூன் 19-இல் இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீ. அத்திடலின் சரிவான நீண்ட வளைவு தரும் சுமையை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. அவற்றைப் பூட்டிய ஏழு அணிகளும் அணிவகுப்புச் சுற்றோடு விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய ஆறு கார்கள் மட்டுமே போட்டியிட, கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். பதினெட்டுத் திடல்களில் தலைசிறந்து நின்ற டயர், ஒரே ஒரு வளைவின் தன்மையால் ஓடவே தகுதியற்றதாயிற்று. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் வேகமான நீள்வளைவுகளில் போற்றத்தக்கதாகிய குட்டைப் பக்கச்சுவர், ஏற்காட்டின் குறுகிய வளைவுகளில் அதே மதிப்பைப் பெறாமல் போவதும் இதே நியதியால்தான்.

ரிம்மைப் பொறுத்தவரை, அகலம், ஆஃப்செட், போல்ட் வட்டம், மையத் துளை ஆகிய நான்கையும் தயாரிப்பாளர் குறித்தபடியே கொள்வது நலம். இவற்றுள் ஆஃப்செட் என்பது சக்கரம் ஹப்பில் பதியும் தளம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. தோற்றத்துக்காக இதைக் குறைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால், பள்ளங்களின் உதைப்பு நேராக ஸ்டியரிங்குக்கு வந்து, அரும்பாடுபட்டு அமைத்த கையுணர்வு குலைந்துபோகும். ரிம்மின் எடையோ இன்னும் கருதத்தக்கது. சக்கரம், டயர், பிரேக் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் அவற்றின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் அந்த எடையே எழுந்து விழுகிறது. அதோடு, சக்கரம் முன்செல்வது மட்டுமன்றிச் சுழலவும் வேண்டியிருப்பதால், வெளிவிளிம்பில் சேரும் ஒரு கிலோவை முடுக்குவதற்கு, காரின் உடலில் சேரும் ஒரு கிலோவைவிட அதிக ஆற்றல் செலவாகிறது. ஒவ்வொரு வளைவிலும் வேகம் தணிந்து மீண்டும் பிறக்கும் ஏற்காட்டுப் பாதையில் இச்செலவு இருபது முறை நேர்கிறது. ஆகவே 17 அங்குலக் கனத்த வார்ப்பு அலாய் வீலைவிட, இலேசான 16 அங்குல வீல் காரை உயிர்ப்புள்ளதாக ஆக்கும். பெரிய ரிம்முக்குரிய நியாயமான காரணம் ஒன்று உண்டு: ஆற்றல் மிக்க கார்களின் பெரிய பிரேக் டிஸ்க்குகளுக்கு உள்ளே இடம் வேண்டும். அக்காரணம் இல்லாத காரில் பெரிய ரிம் வெறும் அணிகலன்.

சேர்வராயன் மலைக்கே உரிய வேறு சில நிலைமைகளும் அளவுத் தேர்வில் இடம்பெற வேண்டும். காபித் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் இலைகள் மழையில் நனைந்து சாலையில் படிகின்றன. தோட்டப் பாதைகளிலிருந்து சேறும் வந்து சேர்கிறது. இந்த வழுக்கலில் டயரின் அகலத்தைவிட, சிலிக்கா கலந்த மென்மையான ரப்பர் கலவையும், பட்டறைகளில் பட்டன் என்று சொல்லப்படும் தட வெட்டுகளின் ஆழமுமே கைகொடுக்கின்றன. கார் டயருக்குச் சட்டம் குறிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், ஆனால் மலையேறும் காரில் டயரை மாற்ற அந்த எல்லைவரை காத்திருப்பது முறையன்று. சாலையோரத்தில் தார் உடைந்த கூர்விளிம்புகளில், எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கும் சக்கரம் இறங்கி ஏற நேரும்போது, குட்டைப் பக்கச்சுவர் நசுங்கி, ரிம் வளைவதும் டயர் புடைப்பதும் நிகழ்கின்றன. காற்றழுத்தத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது: 1,200 மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும், மேலே 8 பாகை அளவுக்குக் குளிர்ந்திருப்பதால் ஆறிய டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொண்டு 1 பிஎஸ்ஐ அளவே மிஞ்சுவதால், சேலத்தில் காலையில் ஆறிய டயரில் சரியாக அடித்த காற்றை ஏற்காட்டில் திருத்த வேண்டியதில்லை. ஏறி முடித்த சூட்டில் அளவி கூட்டிக் காட்டுவதை நம்பிக் காற்றைத் திறந்துவிடுவதே தவறு.

சட்டமும் ரசனையின் பக்கமே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே தேர்வின் களம், ஒரு மாடலின் வெவ்வேறு வகைகளுக்குத் தயாரிப்பாளரே கொடுத்திருக்கும் அளவுகளுக்குள் அமைவதே தக்கது. அக்களத்துக்குள்ளேயே ரப்பர் கலவை, ரிம்மின் எடை, சுமைக் குறி என்று ஆராய்ந்து தெரிவதற்கு நிறைய இருக்கிறது.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், 2015-இல் வந்த அபார்த் புன்டோவும் பின்னர் வந்த ஐ20 என் லைனும் ஏற்ற 195/55 R16, வெர்ட்டஸ் ஜிடி ஏற்ற 205/55 R16 ஆகிய அளவுகளே ஏற்காட்டு மலைக்குப் பொருந்துவன. ஆக்டேவியா ஆர்எஸ் 245-இன் 225/40 R18 அழகில் குறைந்ததன்று. ஆனால் அதன் இடம் அகன்ற நெடுஞ்சாலையும் பந்தயத் தடமும். புதிய டயர் வாங்கக் கடைக்குச் செல்பவர், ஓர் அங்குலம் பெரிய ரிம்முக்கு ஒதுக்கிய பணத்தை அதே அளவில் கிடைக்கும் மிகச் சிறந்த ரப்பருக்கும், முறையான வீல் அலைன்மென்ட்டுக்கும் செலவிடுவாராக.