நகலும் மணிக்கட்டும்

'நகல்' என்ற சொல்லை நம் விமர்சனத்தில் மிகவும் சுலபமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். ஒரு படைப்பை அதற்குமேல் பார்க்காமல் ஒதுக்கிவிடலாம் என்பதே அச்சொல்லின் வசதி. கேரளத்தைச் சேர்ந்த அமார்ஃபியா என்ற குழுவின் முதல் ஆல்பமான 'ஆர்ம்ஸ் டு டெத்'தைக் கேட்டபோது எனக்கும் முதலில் அந்தச் சொல்தான் வந்தது. 2018-ல் வெளியானது, த்ராஷ் மெட்டல் என்ற வகை. படாளத்தில் என் வீட்டில் இதைப் போட்டுக் காட்டிய நண்பர், மூன்றாவது பாட்டு முடிவதற்குள், "இதையெல்லாம் 1986-லேயே செய்து முடித்துவிட்டார்களே" என்றார்.

தகவல் என்ற அளவில் அவர் சொன்னது சரி. மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்' 1983 ஜூலையில் வந்தது. பதிவு நடந்தபோது பாடகருக்கும் டிரம்ஸ் வாசித்தவருக்கும் 19 வயது. 1986-ல் ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்'. பத்துப் பாட்டுகள், மொத்தம் 29 நிமிஷத்துக்குள். இந்த வகையின் உருவம் அந்தச் சில வருஷங்களிலேயே இறுகிவிட்டது. முப்பது வருஷம் கழித்து அமார்ஃபியா அந்த உருவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. பழைய பாணி என்பதை அது மறைக்கவில்லை. அதுவே அதன் கொள்கை.

ஆனால் முன்னோடிகளுக்கு அது பழைய பாணி அல்ல. அவர்களுடைய வேகம் பொறுமையின்மையிலிருந்து வந்தது. பின்னால் வருபவர்களின் வேகம் தேர்ந்து எடுத்துக்கொண்ட வேகம். இந்த வித்தியாசத்தை வைத்தே அவர்களைத் தள்ளிவிடலாமா என்பதுதான் கேள்வி.

இந்த இசை உண்டாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். கிதாரை மீட்டும் கையின் விளிம்பைக் கம்பிகளின் அடிப்பக்கத்தில் லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு, நாதம் நீளாதபடி வெட்டி வெட்டி அடிக்கிறார்கள். வீணையில் ஒரு மீட்டு நீண்டு கரைவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது விரோதமாகப் படும். இங்கே நாதத்தை முறிப்பதுதான் காரியம். எனக்குக் 'கசடதபற' ஞாபகம் வந்தது. 1970-ல் தொடங்கிய ஒரு பத்திரிகை ஆறு வல்லின எழுத்துகளைத் தன் பெயராக வைத்துக்கொண்டபோது அதிலும் இப்படி ஒரு முறிப்பு இருந்தது.

இந்த வேகத்தில் இந்த அடியைப் பாட்டு முழுக்கத் தளராமல் அடிப்பதற்கு மணிக்கட்டு பழக வேண்டும். மூளையால் இதை நகல் எடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் கூத்து கற்கும் பையன் வாத்தியாரின் அடவை அப்படியேதான் செய்கிறான். யாரும் அதை நகல் என்று சொல்வதில்லை. விடிய விடிய ஆடி, மூச்சு தாங்கும்வரை அந்த அடவு அவனுடையதில்லை. தாங்கிவிட்டால் அது வாத்தியாருடையது மட்டுமில்லை. உடம்பு விலை கொடுத்து வாங்கியதை இரவல் என்று சொல்ல முடியாது. அமார்ஃபியாவின் கைகள் அந்த விலையைக் கொடுத்திருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சொற்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. தலைப்பிலேயே ஆயுதமும் சாவும் வந்துவிடுகின்றன. இவை இந்த வகையோடு மொத்தமாகக் கிடைக்கும் சரக்கு. அவற்றை வாயில் போட்டுக்கொள்ள எந்தப் பயிற்சியும் வேண்டாம். பயங்கரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. அது கூழாக இருப்பதுதான் முக்கியம். செயங்கொண்டார் பயங்கரத்தைத் தன் மண்ணின் அடுப்பில் ஏற்றிச் சமைத்தார். அதனால் சிரிக்கவும் முடிந்தது. இந்த ஆல்பத்தின் போர் வேறு ஆல்பங்களிலிருந்து வந்த போர். அவர்கள் மலையாளத்தில் பாட வேண்டும், செண்டை சேர்க்க வேண்டும் என்றெல்லாம் நான் யோசனை சொல்லப்போவதில்லை. அப்படி ஒட்டவைப்பது இன்னொரு வகை இரவல்.

பிரேசிலின் செபுல்டூராவும் நகலாகத்தான் தொடங்கியது. 1985-ல் முதல் பதிவு வந்தபோது அக்குழுவின் சகோதரர்கள் இருவருக்கும் பதினைந்து, பதினாறு வயது. ஷவாண்டே பழங்குடியினரோடு சேர்ந்து பதிவு செய்த பாட்டை உள்ளடக்கிய 'ரூட்ஸ்' 1996-ல் வந்தது. இடையில் பதினோரு வருஷம். 1985-ல் யாராவது நகல் என்று சொல்லி, அவர்களும் அதை நம்பியிருந்தால்?

இதை நான் சும்மா கேட்கவில்லை. இந்த ஊர்ப்பக்கத்து இளைஞர் ஒருவரின் கவிதைகளைப் பற்றி முன்பு ஒரு குறிப்பு எழுதினேன். நகல் என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. என்னால்தான் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அவருடைய வரிகள் யாரிடமிருந்து வந்தன என்பதை மட்டும் பார்த்தேன். அவை எங்கே முறிந்தன, எந்த இடத்தில் அவர் மூச்சு நின்றது என்பதைப் பார்க்கவில்லை. சொற்கள் இரவல், கை உங்களுடையது என்று இரண்டையும் சொல்லியிருக்க வேண்டும்.

அமார்ஃபியா 2020-ல் இரண்டாவது ஆல்பத்தையும், 2023-ல் மூன்றாவதையும் கொண்டுவந்துவிட்டது. அவர்கள் என்னைப் போன்ற விமர்சகரின் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை.